வசீலியைக் கேட்டது யார்?

கோசெல்ஸ்க் மக்கள் விரும்பியவற்றில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. 1238-ம் ஆண்டு வசந்த காலத்தில் பாது கானின் மங்கோலியப் படை ஊரைச் சுற்றி வளைத்தபோது, அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தார்கள். இளவரசன் சிறுவன்தான், ஆனாலும் அவனுக்காக உயிரைக் கொடுப்பது என்பது அந்த முடிவு. அப்படிச் செய்தால் இரண்டு பேறுகள் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணியதாகப் பழைய ரஷ்ய வரலாற்றேடு சொல்கிறது. இவ்வுலகில் நல்ல பெயர் நிற்கும், மறுமையில் கிறிஸ்து கிரீடம் சூட்டுவார். மறுமையைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் இல்லை. நல்ல பெயர் மட்டும் இதோ என் மேசைமேல் கிடக்கிறது. 27 மில்லிமீட்டர் குறுக்களவு, சுற்றிலும் மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளை உலோகம். ரஷ்ய மத்திய வங்கி 2020-ல் வெளியிட்ட 10 ரூபிள் நினைவுக் காசு இது. 'ரஷ்யாவின் பழம்பெரும் நகரங்கள்' என்ற வரிசையில் வந்தது. கோசெல்ஸ்க் என்ற பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நான் பாளையங்கோட்டைக்காரி. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் காசு கையில் வந்தாலும் முதலில் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன், பிறகுதான் முகப்பைப் பார்ப்பேன். இதன் விளிம்பில் 'பத்து ரூபிள்' என்று எழுத்தாலேயே பொறித்திருக்கிறார்கள். மதிப்பு எழுதிய பக்கத்தில், 10-ன் பூஜ்யத்துக்குள் ஒரு நுட்பம் உண்டு. காசை ஒரு பக்கம் சாய்த்தால் அந்த இடத்தில் 10 என்ற எண் தெரியும், இன்னொரு பக்கம் சாய்த்தால் ரூபிள் என்பதன் சுருக்கெழுத்து தெரியும். கள்ளக் காசைக் கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாடு. இந்த வரிசை 2002-ல் தொடங்கியது. முதல் ஆண்டில் தெர்பெந்த், கஸ்த்ரமா, ஸ்தாரயா ரூஸ்ஸா ஆகிய மூன்று ஊர்கள் இடம்பெற்றன. பிறகு மூரம், கஸான், ஸ்மோலென்ஸ்க், வெலீக்கி நோவ்கரத் என்று ஒவ்வோர் ஊராகச் சேர்ந்துகொண்டே வந்தது. சேகரிப்பவர்கள் பத்திரப்படுத்துகிறார்கள் என்றாலும் இவை செல்லுபடியாகும் காசுகள். கடையில் நீட்டி ரொட்டி வாங்கலாம்.

என் அண்ணன் மகள் ஸ்மோலென்ஸ்கில் மருத்துவம் படித்தாள். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். அவள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த காசு இது. "சின்ன ஊர்தான் அத்தை, பக்கத்துலயே ஒரு பெரிய மடம் இருக்காம். உங்க தஸ்தயேவ்ஸ்கி அங்க வந்திருக்காராம்" என்று சொல்லிக் கையில் வைத்தாள். கரமாஸவ் சகோதரர்கள் நாவலை நான் தமிழில் பலமுறை படித்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மடம் ஆப்தினா என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆப்தினா மடத்தை அடுத்திருக்கும் ஊர் எப்படிப்பட்ட சாவைச் செத்த ஊர் என்பதை இந்தக் காசு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

மாஸ்கோவுக்குத் தென்மேற்கே, இன்றைய கலூகா மாகாணத்தில், ஷீஸ்த்ரா ஆற்றங்கரையில் இருக்கிறது கோசெல்ஸ்க். வரலாற்றேட்டில் அதன் பெயர் முதலில் 1146-ம் ஆண்டுக் குறிப்பில் வருகிறது. 1237 டிசம்பரில் பாது கானின் படை ரியாஸான் நகரத்தை அழித்தது. அடுத்த பிப்ரவரியில் விளாதிமிர் வீழ்ந்தது. பெரிய இளவரசரின் மனைவியும் குடும்பத்தாரும் பேராலயத்துக்குள் தஞ்சம் புகுந்து, அங்கேயே தீயில் மாண்டார்கள். மார்ச் மாதத்தில் தர்ஷோக், இரண்டு வார முற்றுகைக்குப் பிறகு. அடுத்து நோவ்கரத்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரத்தில், பனி உருகத் தொடங்க, படை தெற்கே திரும்பியது. திரும்பும் வழியில் கோசெல்ஸ்க் குறுக்கே நின்றது.

பெரிய பெரிய நகரங்கள் சில நாட்களில் வீழ்ந்த அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு, இந்தச் சிறிய ஊர் ஏழு வாரம் தாங்கியது. பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீனும் இதை எழுதிவைத்திருக்கிறார். இரண்டு மாதம் முற்றுகையிட்டும் பாதுவால் பிடிக்க முடியவில்லை, கதான், பூரி என்ற இரண்டு இளவரசர்கள் படையோடு வந்து சேர்ந்த பிறகு மூன்று நாளில் பிடித்தார்கள் என்கிறார். வெற்றி பெற்றவர்கள் பக்கத்துக் கணக்கும் தோற்றவர்கள் பக்கத்துக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. மதில் உடைந்ததும் ஊரார் வெளியே பாய்ந்து, கல்லெறி பொறிகளை வெட்டிச் சாய்த்து, நாலாயிரம் பேரைக் கொன்று, தாங்களும் மாண்டார்கள் என்று ரஷ்ய ஏடு சொல்கிறது. மங்கோலியத் தளபதிகளின் மூன்று மகன்கள் அங்கே இறந்தார்கள். பிணக் குவியலில் தேடியும் அவர்கள் உடல்கள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு தாத்தர்கள் (மங்கோலியர்களை ஏடு அப்படித்தான் அழைக்கிறது) அந்த ஊரின் பெயரைச் சொல்லத் துணியவில்லை, 'தீய ஊர்' என்றே குறிப்பிட்டார்கள். ஊருக்குள் புகுந்த பாது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தை உட்பட ஒருவரையும் உயிரோடு விடவில்லை.

அந்தச் சிறுவன் இளவரசன், வசீலி, என்ன ஆனான்?

ஏட்டில் அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாது, சிறுவனாக இருந்ததால் இரத்தத்தில் மூழ்கிப்போனான் என்று சிலர் சொன்னார்கள், அவ்வளவுதான். வயது 12 என்பது பின்னாளில் வந்த வழக்கு. அந்த ஏட்டை எழுதிய மனிதரை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் விரும்பியிருந்தால் வசீலியின் வாயில் ஒரு வீர உரையை வைத்திருக்கலாம். கையில் சிலுவையோடு அவனை மதில்மேல் ஏற்றியிருக்கலாம். சாகும் நேரத்தில் சங்கீதம் பாடச் செய்திருக்கலாம். இரத்தசாட்சிகளின் கதைகளை எழுதிப் பழகிய காலம் அது, யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. பெரியவர்கள் பேசியதை எழுதினார், பெரியவர்கள் விரும்பிய கிரீடத்தை எழுதினார். பிள்ளையைப் பற்றித் தெரியாது என்று எழுதி நிறுத்திக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை நான் மதிக்கிறேன்.

அவர் நிறுத்திய இடத்தில்தான் என் கேள்வி தொடங்குகிறது. ஊர் கூடிப் பேசியபோது வசீலியைக் கேட்டது யார்? அவனுக்காகச் சாவோம் என்று முடிவு செய்தபோதே, அவனும் சாவான் என்பதும் முடிவாகிவிட்டது. தொட்டிலில் கிடந்தவையும் சாகும் என்பதும் முடிவாகிவிட்டது. தன் உயிரைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் உயிரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதற்கான புகழையும் தாமே பெற்றுக்கொள்ள உரிமை உண்டா?

என்னை இந்தக் கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தியது கோசெல்ஸ்க் மட்டும் இல்லை. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துகிறேன். ஒரு வருடம் நியாயாதிபதிகள் புத்தகத்தில் யெப்தாவின் கதை வந்தது. அம்மோன் புத்திரரோடு யுத்தத்துக்குப் போகும் முன் யெப்தா ஒரு பொருத்தனை பண்ணுகிறான். வெற்றியோடு திரும்பும்போது தன் வீட்டு வாசலிலிருந்து எது எதிர்கொண்டு வருகிறதோ அதைப் பலியாகச் செலுத்துவதாகச் சொல்கிறான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வெளியே வந்தவள் அவனுடைய ஒரே மகள். இரண்டு மாதம் தவணை கேட்டு, தோழிமாரோடு மலைகளில் அலைந்து அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள். பொருத்தனை நிறைவேறியது.

கதையைச் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், "அந்த அக்கா பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டாள். வேதத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. அப்படியே சொன்னேன். "அப்பா பேரு மட்டும் இருக்கா?" என்று அடுத்த கேள்வி வந்தது. இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 11-ம் அதிகாரத்தில், விசுவாசத்தினால் பெரியவர்களானவர்களின் பட்டியலில், கிதியோன், பாராக், சிம்சோன் ஆகியோரோடு யெப்தாவின் பெயரும் வருகிறது. மகளைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

அவள் சம்மதித்தாளே என்று நம் போதகர்கள் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டுக் கதறும் தகப்பன் முன்னால் நிற்கும் ஒரே மகள் வேறு என்ன சொல்வாள்? அதைச் சம்மதம் என்று என்னால் கணக்கில் எழுத முடியாது. வங்கியில் இருந்தவள் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: வேறொருவர் கணக்கிலிருந்து எடுத்த தொகையை என் காணிக்கை என்று ரசீது போட்டுக்கொள்ள முடியாது. எடுத்தது நியாயமான அவசரத்துக்காகவே இருக்கலாம். அப்போதும் அது அவருக்கு நான் பட்ட கடன்தான்.

எதிர்த்துச் சொல்ல நியாயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கதவைத் திறந்துவிட்டிருந்தால் வசீலி பிழைத்திருப்பானா? ரியாஸானில் மங்கோலியர் முதலில் கேட்டது எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு. ஆட்களில், இளவரசர்களில், குதிரைகளில் பத்தில் ஒன்று. திறந்த கதவு வழியாக வருவது அடிமைத்தனம். அதிலும் முதலில் போவது பிள்ளைகள்தான். அந்தக் குளிர்காலத்தில் எரிந்த ஊர்களின் செய்தி கோசெல்ஸ்க்குக்கு எட்டியிருக்கும். அவர்கள் முன்னால் நல்ல வழி என்று ஒன்றும் இல்லை. நான் அந்த மதிலுக்குள் இருந்திருந்தால் நானும் கதவைச் சாத்தச் சொல்லியிருப்பேன். ஆகையால் அவர்கள் எடுத்த முடிவை நான் நியாயம் தீர்க்கவில்லை. ஏழு வாரம் பசியோடு மதில்மேல் நின்றவர்களை வணங்குகிறேன், மனப்பூர்வமாக வணங்குகிறேன்.

என் மனம் ஒப்பாதது வேறு. நடந்து முடிந்த பிறகு அதை நாம் என்னவென்று பெயரிட்டு வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஊரே வீரமரணம் அடைந்தது என்று சொல்லும்போது, மூன்று மாதக் குழந்தையும் வீரமரணம் அடைந்ததாக ஆகிவிடுகிறது. அந்தக் குழந்தை வீரமரணம் அடையவில்லை. அது கொல்லப்பட்டது.

இந்த இடத்தில் ஆப்தினாவுக்குப் போகவேண்டும். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், காட்டோரமாக இருக்கிறது அந்த மடம். 19-ம் நூற்றாண்டில் அங்கே வரிசையாக மூத்த துறவிகள் இருந்தார்கள். ரஷ்யாவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் அவர்களிடம் தங்கள் பாரத்தை இறக்கிவைக்க வந்தார்கள். கோகல் வந்திருக்கிறார். டால்ஸ்டாய் பலமுறை வந்திருக்கிறார். தஸ்தயேவ்ஸ்கி 1878 ஜூன் மாதத்தில் இளம் தத்துவவாதி விளாதிமிர் சலவ்யோவோடு வந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அவருடைய கடைசி மகன் அல்யோஷா வலிப்பு வந்து இறந்திருந்தான். மூன்று வயது நிறையவில்லை. அந்த வலிப்பு நோய் தன்னிடமிருந்து வந்தது என்ற எண்ணம் தகப்பனை வாட்டியது. ஆப்தினாவில் அவர் அம்ப்ரோசி என்ற மூத்த துறவியைச் சந்தித்தார். அம்ப்ரோசி சொன்னவற்றை வீடு திரும்பி மனைவி அன்னாவிடம் சொன்னதாகவும், அவற்றில் பல பிறகு நாவலில் ஸோசிமா என்ற துறவியின் பேச்சாக இடம்பெற்றதாகவும் அன்னா தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நாவலில் அந்தக் காட்சியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடியானவப் பெண் ஸோசிமாவிடம் வருகிறாள். மூன்று வயது நிறைய மூன்று மாதம் இருந்ததாம். பெயர் கேட்டால் அலெக்ஸேய் என்கிறாள். ஸோசிமா முதலில் வழக்கமான ஆறுதலைத்தான் சொல்கிறார். பிள்ளை தேவதூதர்களோடு இருக்கிறான், சந்தோஷப்படு என்கிறார். அதையேதான் என் புருஷனும் சொல்கிறார், சொல்லிவிட்டு அவரும் அழுகிறார் என்கிறாள் அவள். அப்போது ஸோசிமா மாற்றிப் பேசுகிறார். ஆறுதல் அடையாதே, அது உனக்கு வேண்டாம், அழு என்கிறார். நெடுநாள் அழுதபின் அந்தத் துக்கமே அமைதியாக மாறும் என்கிறார்.

பரலோகத்தில் கிடைக்கும் இடத்தைச் சொல்லித் தாயின் கணக்கை முடித்துவைக்கும் ஆறுதலை ஒரு துறவி தாமே எடுத்துக்கொண்டு, பின் தாமே கைவிடுகிறார். மதத்தைப் பற்றி நான் படித்த பக்கங்களில் எனக்கு மிக உண்மையாகப் பட்டது இது. என் அம்மா மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவள். கர்த்தர் தம்முடைய பூவைப் பறித்துக்கொண்டார் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்வார்கள். அம்மா தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவளிடம் 'அழு' என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

அதே நாவலில், பல அத்தியாயங்கள் தள்ளி, இவான் தன் தம்பியிடம் கேட்கும் கேள்வி வருகிறது. மனித குலம் முழுவதும் இன்பமாக வாழும் ஒரு மாளிகையை, வதைபட்ட ஒரு குழந்தையின் கண்ணீரை அடித்தளமாக வைத்துக் கட்டலாம் என்றால், கட்ட நீ சம்மதிப்பாயா? தம்பி முடியாது என்கிறான். இந்தக் கேள்வி எல்லா மேடைகளிலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அதற்குச் சற்று முன்பு இவான் சொல்லும் இன்னொன்றை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. கொல்லப்பட்ட பிள்ளையின் தாய் தன் துயரத்துக்காக வேண்டுமானால் கொலைகாரனை மன்னிக்கட்டும், பிள்ளை பட்ட வேதனைக்காக மன்னிக்க அவளுக்கே உரிமை இல்லை என்கிறான். பெற்ற தாய்க்கே மன்னிக்கும் உரிமை இல்லை என்றால், அந்த வேதனையிலிருந்து புகழ் எடுத்துக்கொள்ளும் உரிமை ஓர் ஊருக்கு எப்படி வரும்? ஒரு நாட்டுக்கு எப்படி வரும்? பாலகர்களின் இரத்தம் ஓடிய ஊருக்குப் பக்கத்திலேயே இந்த நாவலின் ஒரு விதை விழுந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

டால்ஸ்டாயின் கடைசிப் பயணமும் இந்த ஊர் வழியாகத்தான் போனது. 1910 அக்டோபர் இறுதியில், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி, 82 வயதில் இரவோடு இரவாக வீட்டைவிட்டுக் கிளம்பியவர் கோசெல்ஸ்க் ரயில் நிலையத்தில்தான் இறங்கினார். ஆப்தினாவின் விருந்தினர் விடுதியில் தங்கினார். மூத்த துறவிகள் வாழும் பகுதியின் வாசல் வரை நடந்தார், உள்ளே போகவில்லை. திருச்சபை அவரை விலக்கி ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. அங்கிருந்து ஷமார்தினோ மடத்துக்குப் போய், அங்கே துறவியாக இருந்த தங்கை மரியாவைப் பார்த்தார். மறுபடி கோசெல்ஸ்க்கில் ரயில் ஏறி, வழியில் அஸ்தாப்பவோ நிலையத்தில் இறந்தார். தீமையை வன்முறையால் எதிர்க்காதே என்று வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் சொன்ன மனிதர். 1908-ல் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நம் குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து எடுத்துக்காட்டியவர். எதிர்த்து நின்றதற்காகவே பெயர் பெற்ற ஊரின் மண்ணில் அவருடைய கடைசி நாட்கள் சில கழிந்தன.

கோசெல்ஸ்க் மக்களைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு கொள்ளைக்காரன் உன் கண்ணெதிரே குழந்தையைக் கொல்ல வருகிறான், என்ன செய்வாய் என்ற கேள்வி அவரிடம் ஓயாமல் கேட்கப்பட்டது. எர்னஸ்ட் கிராஸ்பி என்ற அமெரிக்கருக்கு 1896-ல் எழுதிய கடிதத்தில் அதற்குப் பதில் சொல்கிறார். கெஞ்சலாம், குறுக்கே தன் உடலை நிறுத்தலாம், கொல்ல மட்டும் கூடாது. எனக்கு டால்ஸ்டாய்மேல் அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் இந்தப் பதில் ஒற்றைக் கொள்ளைக்காரனுக்குச் சொன்னது. ஒரு கண்டத்தையே மிதித்து வரும் படைக்கு முன்னால் குறுக்கே நிறுத்திய உடல் ஒரு கணம்கூடத் தாங்காது, குழந்தையும் மிஞ்சாது. கோசெல்ஸ்க்காரர்கள் ஏழு வாரம் வாங்கிக் கொடுத்தார்கள். ஏழு வாரம் அந்தப் பிள்ளைகள் தாய்மடியில் தூங்கின. ஆகவே எதிர்த்தது பிழை என்று டால்ஸ்டாயோடு சேர்ந்து என்னால் சொல்ல முடியவில்லை. எதிர்த்ததன் பலன் புகழ் என்று வரலாற்றேட்டோடு சேர்ந்தும் சொல்ல முடியவில்லை. அந்த ஏழு வாரம்தான் பலன். எந்தக் காசும் அதைப் பொறிப்பதில்லை.

இந்த ஊரின் வரலாறு 1238-லும் டால்ஸ்டாயோடும் முடியவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். புரட்சிக்குப் பின் ஆப்தினா மடம் மூடப்பட்டது. 1939-ல் சோவியத் படை கிழக்குப் போலந்தைப் பிடித்தபோது சிறைப்பட்ட போலந்து அதிகாரிகளை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்று அந்த மடத்து வளாகம். ஸோசிமாவுக்கு உயிர்கொடுத்த துறவி நடமாடிய கட்டடங்களில் கைதிகள் அடுக்குப் பலகைகளில் படுத்திருந்தார்கள். 1940 ஏப்ரல், மே மாதங்களில் அவர்களை ரயிலில் ஏற்றி ஸ்மோலென்ஸ்க் அருகே க்னெஸ்தவோ நிலையத்தில் இறக்கி, கத்தீன் காட்டில் சுட்டுப் புதைத்தார்கள். கோசெல்ஸ்க் முகாமிலிருந்து போனவர்கள் மட்டும் சுமார் 4,400 பேர். வேறு முகாம்களிலும் சிறைகளிலும் இருந்தவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 22,000. பொருளியல் பேராசிரியர் ஸ்தானிஸ்லாவ் ஸ்வியானியேவிச் அந்த நிலையத்தில் கடைசி நேரத்தில் தனியே பிரிக்கப்பட்டதால் உயிர் தப்பினார், பின்னாளில் சாட்சி சொன்னார். கொன்றது ஜெர்மானியர் என்று சோவியத் அரசு 1990 வரை சொல்லிக்கொண்டிருந்தது. என் அண்ணன் மகள் படித்த ஊரிலிருந்து கத்தீன் பக்கம்தான். அங்குள்ள நினைவிடத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த சுவர்களைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை என்றாள். அந்தச் சுவரும் இந்தக் காசும் ஒரே ஊரின் வரலாற்றைச் சேர்ந்தவை. 'பழம்பெரும் நகரம்' என்று பொறிக்கும் கைக்கு நகரத்தின் வயது முழுவதும் நினைவிருக்க வேண்டும், எண்ணூறு ஆண்டுக்கு முந்தையது மட்டும் போதாது.

ஆப்தினா 1987-ல் திருச்சபையிடம் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு அம்ப்ரோசி புனிதராக அறிவிக்கப்பட்டார். இன்று அங்கே மறுபடி ஆராதனை நடக்கிறது, மக்கள் மறுபடி பாரங்களைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

கோசெல்ஸ்க்குக்கு இன்னொரு காசும் உண்டு. 2009-ல் அந்த ஊருக்கு 'இராணுவப் புகழ் நகரம்' என்ற பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டம் பெற்ற ஊர்களுக்கான வரிசையில் 2013-ல் ஊரின் இலச்சினையோடு 10 ரூபிள் காசு வெளிவந்தது. அந்த இலச்சினை 1777-ல், இரண்டாம் கேத்தரின் காலத்தில் வகுத்தது. சிவப்புப் பின்னணி, சிந்திய இரத்தத்துக்காக. ஐந்து வெள்ளிக் கேடயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கருப்புச் சிலுவை. அவை காத்து நின்றவர்களின் தைரியத்தையும் அவர்களுடைய துர்ப்பாக்கியத்தையும் குறிக்கும் என்று ஆணை சொல்கிறது. விசுவாசத்துக்காக நான்கு பொற்சிலுவைகள். தைரியத்தையும் துர்ப்பாக்கியத்தையும் ஒரே கேடயத்தில் வைத்த அந்தப் பழைய கை, பிற்காலத்தார் பலரைவிட உண்மைக்கு நெருங்கி நின்றது. புகழ் என்ற பெயரில் வெளிவந்த காசாக இருந்தும், அந்தக் கருப்புச் சிலுவைகள் காரணமாக 2013-ன் காசுதான் இரண்டில் மேலானது என்பது என் தீர்ப்பு. அந்தச் சிலுவைகளில் வசீலிக்கும், பெயர் எழுதப்படாத பாலகர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

யெப்தாவின் மகளுக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. இஸ்ரவேலின் குமாரத்திகள் வருஷந்தோறும் நான்கு நாள் போய் அவளுக்காகப் புலம்பினார்கள் என்று நியாயாதிபதிகள் 11-ம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது. தகப்பனின் வெற்றிக்கு எத்தனை நாள் விழா எடுத்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. மகளுக்கான துக்க நாட்களை எண்ணிச் சொல்லியிருக்கிறது. கேட்கப்படாமல் கொடுக்கப்பட்ட உயிருக்குச் செய்யவேண்டியது இதுதான் என்று நான் நம்புகிறேன். வருஷத்தில் நான்கு நாள், பெண்கள் கூடி, அழவேண்டும்.

எங்கள் சபையிலும் மற்றச் சபைகளிலும் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எபிரெயர் 11-ல் விசுவாச வீரர்களைப் பற்றி நடத்தும் நாளில் நியாயாதிபதிகள் 11-ஐயும் பிள்ளைகளைக் கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள், கடைசி வசனம் வரை. அந்த அக்கா பேரு என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால், எழுதி வைக்கவில்லை என்ற உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த பாடத்துக்கு அவசரமாகப் போகாதீர்கள்.